தடிக்காரண்ணன் திருப்பிய ஆறு

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சின்ன வயதில் பாதி கேட்டு, மீதி தெரியாமலே போன கதை உங்களுக்கு ஏதாவது உண்டா? எனக்கு ஒன்று இருந்தது. கிரேக்க தேசத்துக் கதை. அதன் முடிவு கோழி எருவோடு எருவாக வண்டியேறி, ஆத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் போய் மக்கிவிட்டது. அந்த முடிவைத் தேடித்தான் ஊர் ஊராக அலைந்தேன் என்று சொன்னால் பொய். பிழைப்புக்காக அலைந்தேன். போன இடத்தில் எல்லாம் அதையும் கேட்டு வைத்தேன்.

அப்பா, அம்மா, அக்கா, இளையவள் நான். நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில், தார்ச்சாலையை விட்டு உள்ளே போகும் மண்தடத்தின் கடைசியில் ஒரு கோழிப் பண்ணை. தீவனக் கிடங்கை ஒட்டிய ஒற்றை அறைதான் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் பண்ணையில் வேலை. விடிந்தால் தீவனம் அரைக்கும் மிஷின் சத்தம். மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் கலந்த வாசனை சோற்றில், துணியில், தலைமயிரில் எல்லாம் இருக்கும். மழைச் சாரலில் எரு நனைந்துவிட்டால் மூக்குக்குள் மிளகாய் வைத்த மாதிரி காந்தும். வெளியூர்க்காரர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் புரியாது.

கோழிகள் கம்பிக் கூண்டில், இடுப்பு உயரத்தில் இருக்கும். கீழே எரு விழுந்து விழுந்து, கூண்டு வரிசை நீளத்துக்கும் வரப்பு மாதிரி உயர்ந்துகொண்டே போகும். கோழிக்கு வயதாகி, மொத்தமாக விற்றுத் தீர்ந்த பிறகுதான் அதை அள்ளுவார்கள். அந்த எருவுக்கு ஆசைப்படாத விவசாயி, எங்கள் பேச்சில் காட்டுக்காரன், கிடையாது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

குஞ்சு வந்து இறங்கும் நாள் எங்களுக்கு நோம்பித் திருநாள் மாதிரி. ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளுக்குள் கீச்சுக் கீச்சென்று ஒரு சந்தையே கேட்கும். தகரத்தை வளைத்து வட்டம் கட்டி, நடுவில் பல்பு தொங்கவிட்டு, தரையில் உமி பரப்பி, உமிமேல் பழைய பேப்பர் விரிக்க வேண்டும். விரிக்காவிட்டால் தீவனம் எது, உமி எது என்று தெரியாமல் குஞ்சு உமியைத் தின்று செத்துப்போகும். டவுனிலிருந்து பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். விரிப்பது அக்கா வேலை. அவள் அப்போது எட்டாவது. விரிக்கிறதுக்கு முன்னால் ஒவ்வொரு தாளையும் படித்துவிடுவாள்.

“படிச்சுப் படிச்சு விரிச்சீன்னா குஞ்சு குளுர்ல வெறச்சுப் போயிரும் புள்ள! பேப்பரு கோழிக்கா, உனக்கா?” என்று அம்மா கத்துவாள்.

“எழுத்து எனக்கு, பேப்பரு கோழிக்குங்கம்மா.”

அப்படி வந்த ஒரு கட்டில்தான் அந்தப் புத்தகம் இருந்தது. அட்டை இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கான பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் நீல மையில் படம். அக்கா கையில் கிடைப்பதற்குள் அம்மா பின்பாதியைக் கிழித்து விரித்துவிட்டாள். தாள் தடிமனாக இருக்கிறது, ஈரம் தாங்கும், குஞ்சுக்கு நல்லது என்பது அம்மாவின் கணக்கு. அக்கா ஓடிப்போய்த் தகரத்துக்குள் குனிந்து பார்த்தபோது நூற்றுக்கணக்கான மஞ்சள் குஞ்சுகள் கதையின் மேல் நடந்துகொண்டிருந்தன. இரண்டு மூன்று நாள் கழித்துத் தாளை எடுக்கும்போது சுரண்டிப் பார்த்தாள். எழுத்து எச்சத்தோடு வந்துவிட்டது.

மிஞ்சிய முன்பாதியில் இருந்தது ஒரு பலசாலியின் கதை. அவன் பெயரை எங்களில் ஒருத்தருக்கும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. படத்தில் தோளில் ஒரு பெரிய தடியோடு நின்றான். அதனால் தடிக்காரண்ணன். ஏதோ பெரிய பாவம் பண்ணிவிட்டான் என்று புத்தகம் சொன்னது. என்ன பாவம் என்று சொல்லவில்லை. அதைக் கழிக்க வேண்டுமானால் ஒரு கோழை ராஜா ஏவுகிற வேலையை எல்லாம் செய்ய வேண்டும். அம்பு நுழையாத தோலுள்ள சிங்கத்தைக் கழுத்தை நெரித்தே கொல்கிறான். ஒரு தலையை வெட்டினால் இரண்டு தலை முளைக்கிற பாம்பை, வெட்டின இடத்தில் எல்லாம் தீயால் சுட்டுச் சுட்டு முடிக்கிறான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பொழுது சாயும் நேரத்தில் அக்கா இதைச் சொல்வாள். பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர்களின் பிள்ளைகள், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள், எல்லோரும் வந்து உட்கார்வோம். பண்ணைக்காரர் மகனும் வருவான். அக்கா வகுப்புத்தான். அவன் மட்டும் உட்கார மாட்டான். சைக்கிளில் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, இப்போதே கிளம்பிவிடுகிற மாதிரி நிற்பான். கதை முடிகிறவரை கிளம்பவும் மாட்டான்.

சிங்கம், பாம்பு எல்லாம் எங்களுக்குப் பெரிதில்லை. எங்களைப் பிடித்தது அடுத்த வேலை. ஒரு மாட்டுராசா. ஆயிரக்கணக்கில் மாடு. அந்தத் தொழுவத்தை வருடக்கணக்காக ஒருத்தரும் கூட்டவில்லை. சாணி மலையாகக் கிடக்கிறது. ஒரே நாளில் அதைச் சுத்தம் பண்ண வேண்டும்.

“பொய்யி. கூட்டாமக் கெடந்தா குளம்பு அழுகி மாடு செத்துப் போயிருக்கும்” என்றாள் ஒரு பெண்.

“ஈ எவ்வளவு இருந்திருக்கும்?” இது நான்.

“அந்த ராசா மூக்கு செத்த மூக்கா?”

அக்கா கையமர்த்தினாள். “கேளுங்க. தடிக்காரண்ணன் ராசாகிட்டப் போயி, ‘ஒரே நாள்ல சுத்தம் பண்ணித் தாரேன், பத்து மாட்டுக்கு ஒரு மாடு குடுக்கிறியா’ன்னு கேக்கறாரு. ராசா சிரிச்சுட்டு, ‘பண்ணு, தாரேன்’ங்கறான். அண்ணன் மம்மட்டிய எடுத்துட்டுப் போயி ஆத்தங்கரைய வெட்டறாரு. ஆத்துத் தண்ணிய அப்படியே தொழுவத்துக்குள்ள திருப்பி உடறாரு. அவ்வளவு சாணியும் அடிச்சுட்டுப் போவுது.”

இங்கேதான் சண்டை வந்தது. கைதட்டுவோம் என்று நினைத்தாளோ என்னவோ, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

“அத்தன எருவையும் ஆத்துல உட்டுட்டாரா?”

“கிறுக்கனாட்டம் இருக்குது! காட்டுக்காரனக் கூப்பிட்டிருந்தா கையெடுத்துக் கும்பிட்டு அள்ளிட்டுப் போயிருப்பான்.”

“எங்கப்பனா இருந்தா தடிய வாங்கி அவனையே நாலு போடு போட்டிருக்கும்.”

சைக்கிள் பையன்கூடச் சிரித்துவிட்டான். அக்காவுக்குக் கோபம். இரண்டு நாள் கதை சொல்லவில்லை. மூன்றாம் நாள் கதையைத் திருத்திக்கொண்டு வந்தாள். தடிக்காரண்ணன் ஆற்றை வெட்டும்போதே மறுபக்கம் நூறு வாய்க்கால் இழுத்துவிடுகிறார். எரு கலந்த தண்ணீர் ஒவ்வொரு காட்டுக்கும் போய்ப் பாய்கிறது. அந்த வருடம் அந்தத் தேசத்தில் விளைந்த விளைச்சல் மாதிரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நாங்கள் ஒப்புக்கொண்டோம். இப்போதுதான் வீரன் என்றோம்.

“அப்புறம்? மாடு குடுத்தானா ராசா?”

அங்கே தாள் கிழிந்திருந்தது. கடைசிப் படத்தில் தடிக்காரண்ணன் மம்மட்டியோடு ஆற்றங்கரையில் நிற்கிறார். தூரத்தில் ராசா. ராசாவுக்குப் பக்கத்தில் ஒரு பையன். அவன் யார் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கவில்லை. எழுதிய பக்கம் உமிமேல் போய்விட்டது.

“தெரியல” என்றாள் அக்கா. அவள் பொய் சொல்லத் தெரியாதவள். எருவுக்கு வாய்க்கால் வெட்டினவளுக்கு, ராசா மாடு கொடுத்தானா இல்லையா என்று மட்டும் இட்டுக்கட்ட மனம் வரவில்லை.

அந்த வருடம் கோடைக்கு முன்னால் பண்ணையில் ஒரு இக்கட்டு. இரண்டு பெரிய கொட்டாயிலும் கிழட்டுக் கோழி விற்றாகிவிட்டது. முட்டைக்குத் தயாரான புதுக்கோழி இறங்கப்போகிறது. அதற்குள் எரு அள்ளி, கழுவி, சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். அள்ளுகிற ஆட்கள் எல்லோரும் கரும்பு வெட்டப் போய்விட்டார்கள். பண்ணைக்காரர் டீக்கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அப்பாவைக் கூப்பிட்டார். பின்னால் அவர் மகன் உட்கார்ந்திருந்தான். நான் அம்மாவுக்கு வெற்றிலை வாங்கப் போயிருந்தேன்.

“கோழி எறங்கறதுக்குள்ள ரெண்டு கொட்டாயும் பளிச்சுன்னு இருக்கோணும். செஞ்சு குடுத்தீன்னா உன்ற பெரிய புள்ளைய டவுன் விடுதில ஒம்பதாவது சேத்தி உடறேன். நானே முன்ன நின்னு கையெழுத்துப் போட்டுச் சேத்தி உடறேன். போதுமா?”

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. அதற்குமேல் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். விடுதியில் சேர்க்க ஊரில் மதிப்புள்ள ஒருத்தர் பொறுப்பேற்று நிற்க வேண்டும். அப்பாவுக்கு அப்படி ஒருத்தரையும் தெரியாது. அக்கா எட்டாவது முடிந்ததும் முட்டை பொறுக்க வேண்டியவள்தான். அன்று அப்பா வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். நான் வெற்றிலையை மறந்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன்.

அப்பா சொன்னதை அக்கா கேட்டாள். அன்று ராத்திரிச் சோற்றை இரண்டு தடவை போட்டுக்கொண்டாள்.

அப்பாவும் அம்மாவும் மட்டும் அள்ளினால் ஒரு மாதம் ஆகும். அப்பா மம்மட்டியைத் தொடவில்லை. மறுநாள் விடியலில் முட்டை லாரி டிரைவரிடம் போய் நின்றார். அந்த லாரி தினமும் ஆத்தூர் போகிறது. “போற வழியில சேகோ மில்லு வாசல், டீக்கடை, எல்லா எடத்துலயும் சொல்லுங்க. ரெண்டு கொட்டாய் எரு இருக்குது. நல்லாக் காஞ்ச எரு. சொந்த ஆளும் சொந்த வண்டியும் கொண்டாந்து மொதல்ல அள்ளறவங்களுக்கு மொதல்ல.”

அடுத்த நாள் காலை நான் பல்துலக்க வெளியே வந்தபோது மண்தடம் தெரியவில்லை. தார்ச்சாலை வளைவிலிருந்து பண்ணை வாசல்வரை மாட்டுவண்டியும் டிராக்டரும். மாட்டு மணிச் சத்தம் கொல்லிமலைப் பக்கம் போய்த் திரும்பி வருகிற மாதிரி இருந்தது. எல்லாம் கிழக்கத்திக் காட்டுக்காரர்கள். அவர்கள் பேச்சில் எங்களைப் போல வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ இல்லை. நாங்கள் அவர்களைப் போலப் பேசிக்காட்டிச் சிரித்தோம். குடும்பத்தோடு வந்து, கூடையும் முறமுமாகப் போட்டி போட்டு அள்ளினார்கள். அப்பா வாசலில் நின்று, இந்த வண்டி இந்தக் கொட்டாய், அந்த வண்டி அந்தக் கொட்டாய் என்று கையைக் காட்டிப் பிரித்து அனுப்பினார். வருகிற வண்டி ஒரு வழி, போகிற வண்டி ஒரு வழி. தோட்டத்தில் மடை திருப்புகிறவரைப் போலவே நின்றார். அக்கா என் காதில் சொன்னாள், “பாரு பாப்பா, ஆறு.”

மறுநாள் பொழுது சாய்வதற்குள் தரை தெரிந்தது. பிறகு நாங்கள் நாலு பேரும் சேர்ந்து கிணற்று மோட்டாரில் குழாய் மாட்டிக் கழுவினோம். கிருமி சாகக் கூண்டுக் கம்பிகளை அப்பா தீயால் சுட்டார். சுண்ணாம்பு அடித்து முடித்தபோது அம்மாவின் உள்ளங்கை வெந்திருந்தது. புதுக்கோழி வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. எருவுக்கு உண்டான விலையும் பண்ணைக்காரருக்குக் குறையாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பண்ணைக்காரர் முன்னால் போய் நின்றார். டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள்.

“ஏனுங்க, கொட்டாய் சுத்தமாயிருச்சுங்க. புள்ள விசயம்...”

“எந்தப் புள்ள விசயம்?”

“விடுதில சேத்தி உடறேன்னு சொன்னீங்க.”

பண்ணைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். “நீ எங்கய்யா அள்ளுன? ஊருச்சனம் வந்து அள்ளிட்டுப் போச்சு. நீ நெழல்ல நின்னு கையக் காட்டுன. கையக் காட்டுனதுக்கு ஒம்பதாவதா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. வேலை என்றால் முதுகு வளைய வேண்டும் என்று நிஜமாகவே நம்பினவர். வேர்க்காமல் முடிந்த வேலை அவர் கண்ணுக்கு வேலையாகப் படவில்லை. அந்த நம்பிக்கை அவருக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

அப்பா வந்து கால் கழுவிவிட்டுப் படுத்துவிட்டார். அம்மாதான் அக்காவிடம் சொன்னாள். அக்கா புத்தகத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். அன்று கதை கேட்க வந்தவர்களை எல்லாம் விரட்டிவிட்டாள்.

பள்ளி ஆண்டு விழா வந்தது. பண்ணைக்காரர்தான் தலைமை, மைக் செட்டும் அவர் கொடுத்தது. டீச்சர் அக்காவை ஒரு கதை சொல்லச் சொன்னார். இதைத்தான் சொல்வேன் என்றாள் அக்கா.

“மேடையில போயிச் சாணிக் கதையா? வேற கதையே கெடைக்கலியா உனக்கு?” என்றார் டீச்சர்.

“வெளிநாட்டுக் கதைங்க டீச்சர்.”

வெளிநாடு என்றதும் டீச்சர் விட்டுவிட்டார்.

ஊரே வந்திருந்தது. கூண்டு வேலைக்காரர்கள், காட்டுக்காரர்கள், டீக்கடைக்காரர், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள். அக்கா வெளுத்த பாவாடையில், கையில் அட்டையில்லாத புத்தகத்தோடு ஏறினாள். சிங்கத்துக்கு ஜனம் வாயைப் பிளந்தது. பாம்புக்கு ஒரு கிழவி, “அடி சாமீ!” என்றாள். தொழுவம் வந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இது அவர்கள் பாடம்.

“ஏஞ் சாமி, அத்தன எருவும் ஆத்தோட போச்சா?” என்று டீக்கடைக்காரர் கத்தினார்.

“இல்லீங்க. நூறு வாய்க்கா வெட்டிக் காட்டுக்கெல்லாம் பாச்சிட்டாருங்க.”

“அப்படிச் சொல்லு! வெவரமான ஆளு!”

கைதட்டல். பண்ணைக்காரரும் தட்டினார். அங்கேயே அவள் இறங்கியிருக்கலாம். புத்தகமும் அதோடு சரி. டீச்சர்கூட மைக்கை வாங்கக் கையை நீட்டிவிட்டார். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பொடியன் கேட்டான், “ராசா மாடு குடுத்தானாக்கா?”

அக்கா புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“குடுக்கல. தொழுவம் பளிச்சுன்னு இருந்துச்சு. ராசா வந்து சுத்திப் பாத்துட்டு, ‘நீ எங்க கழுவுன? ஆறு வந்து கழுவிட்டுப் போச்சு. நீ கரையில நின்ன. உனக்கு எதுக்கு மாடு?’ன்னுட்டான்.”

டீக்கடைக்காரரின் தொண்டையில் ஏதோ சிக்கின மாதிரி ஒரு சிரிப்பு. அது பரவியது. ஒவ்வொருவராகத் திரும்பித் தலைவரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மறுபடி சிரித்தார்கள்.

பண்ணைக்காரர் எழுந்தார். “யாரு சொல்லிக் குடுத்தா? உங்கப்பனா?”

“இல்லீங்க. கதைதானுங்க. பொஸ்தகத்துல இருக்குதுங்க.”

“குடு பாக்கலாம்.”

வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். ஆற்றங்கரையில் தடிக்காரண்ணன் நிற்கும் படம். அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. படத்தை மைக் முன்னால் தூக்கிக் காட்டினார்.

“எங்க இருக்குது? சொல்லு. ராசா குடுக்கலைன்னு எங்க எழுதியிருக்குது? பொய் சொல்லறதுக்கு ஒரு பொஸ்தகமா?”

அக்காவை ஒருத்தரும் அதற்கு முன்னால் பொய்க்காரி என்று சொன்னது கிடையாது. அப்பா கூட்டத்தின் கடைசியில் எழுந்து நின்று கும்பிட்டபடி ஏதோ சொல்ல வந்தார்.

அப்போது பிள்ளைகள் வரிசையிலிருந்து அவன் எழுந்தான். சைக்கிள் பையன்.

“அப்பா, நீங்க சேத்தி உடறேன்னு சொன்னீங்க. வண்டியில நானும் இருந்தனே.”

அவனிடம் புத்தகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னான். பண்ணைக்காரர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. புத்தகத்தை மேசைமேல் வைத்தார். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். விழா அதோடு முடிந்தது. பாட்டுக்கு ஆட மாலை கட்டி வைத்திருந்த சின்னப் பிள்ளைகள் அழுதன.

மறுநாளே அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஜூன் மாதம் அந்தப் பையனைத் தூரத்தில் மலைமேல் இருக்கும் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டோம். வீட்டில் வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லையாம். விடுதிக்குப் போக ஆசைப்பட்டவள் ஒருத்தி, போனவன் இன்னொருவன்.

நாங்கள் மேற்கே போகும் இன்னொரு முட்டை லாரியில்தான் கிளம்பினோம். டிரைவர் எங்களைக் குமாரபாளையத்தில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு அண்டா, இரண்டு கோரைப்பாய். அம்மா பள்ளிப்பாளையம் வரும்வரை அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தாள். “வாய மூடிட்டு எறங்கியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?” காவிரிக் கரையோரம் போகும்போது அப்பா முதல்முறையாகப் பேசினார்.

“ஏஞ் சாமி, அப்புறம் அந்தத் தடிக்காரன் என்ன பண்ணுனான்?”

“தெரியலீங்கப்பா. பக்கம் இல்லை.”

அப்பா தலையாட்டினார். இப்போது எனக்கு அவருடைய அன்றைய வயது தாண்டிவிட்டது. அவர் ஏன் அதைக் கேட்டார் என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

அக்கா தறிக்குப் போனாள். முதலில் தாரில் நூல் சுற்றினாள், பிறகு நெய்தாள், அங்கேயே கல்யாணம், அங்கேயே வீடு. நான் ஐந்தாவதோடு நின்றேன். எனக்குத் தறிச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன், பாலக்காட்டுப் பக்கம் சூளையில் கல் அறுத்தேன், சூரத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தேன். ஒரு இடத்தில் வேர் பிடிக்கும்போதே எனக்குக் கால் அரிக்கும். போன இடத்தில் படித்தவர்கள் மாதிரி தெரிந்தவர்களிடம், கிரேக்க தேசத்துத் தடிக்காரன் கதை தெரியுமா என்று கேட்பேன். ஒரு நர்ஸ் சிங்கம்வரை சொன்னாள். சூளை மேஸ்திரி ஒருத்தர், அவன் பண்ணின பாவம் என்ன என்று சொன்னார். புத்தி பேதலித்துத் தன் பிள்ளைகளையே கொன்றுவிட்டானாம். சின்னப் பிள்ளைகள் புத்தகத்தில் அதை ஏன் எழுதவில்லை என்று புரிந்தது. தொழுவத்தின் முடிவு மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

சென்ற வருடம் கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தேன். புத்தக அறையில் தூசி தட்டும்போது கண்ணில் பட்டது. வேறு புத்தகம், கலர் படம், ஆனால் தோளில் அதே தடி. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

ராசா கொடுக்கவில்லை. ஆறுதான் கழுவியது, நீ கழுவவில்லை என்றான். அப்படி ஒரு வாக்கே நான் கொடுக்கவில்லை என்றும் சொன்னான். பஞ்சாயத்து கூடியது. அப்போது ராசாவின் சொந்த மகன் எழுந்து நின்று, அப்பா சொன்னதை நான் கேட்டேன் என்று சாட்சி சொன்னான். ராசா இரண்டு பேரையும் நாட்டை விட்டுத் துரத்தினான்.

அந்த வரிகளை மறுபடி முதலிலிருந்து எழுத்துக்கூட்டினேன். மேற்கொண்டு இன்னொன்றும் இருந்தது. வேலை ஏவின கோழை ராஜாவும், கூலி பேசிச் செய்த வேலை செல்லாது என்று இதைக் கணக்கில் சேர்க்கவில்லையாம். இரண்டு பக்கமும் இல்லாமல் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குமாரபாளையம் பஸ் ஏறினேன். அக்கா திரும்பி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காது இப்போது கொஞ்சம் மந்தம். தறியில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய ரகசியம் கொண்டுவந்தவள் மாதிரி சத்தமாக ஆரம்பித்தேன்.

“தடிக்காரண்ணன் என்ன பண்ணாரு, ஆத்தத் திருப்பித் தொழுவத்துக்குள்ள...”

“ரெண்டு ஆறு” என்றாள் அக்கா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் நிறுத்திவிட்டேன். அந்தக் கோயம்புத்தூர்ப் புத்தகத்தில் இரண்டு ஆறுதான். எங்கள் புத்தகத்தில், எங்கள் படத்தில், அவள் சொன்ன கதையில் எல்லாம் ஒரே ஆறு.

“உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான். “அவரு வந்து சொன்னாரு.”

“யாரு?”

“சைக்கிள்காரரு. என்ற புள்ள எட்டாவது முடிச்ச வருசம். நீ அப்ப எங்கியோ சூளையில இருந்த. ஊடு கண்டுபுடிச்சு வந்து வாசல்ல நிக்கறாரு. அப்பவும் உள்ள வந்து உக்கார மாட்டேனுட்டாரு. மலையில அந்தப் பள்ளிக்கோடத்துல மொத வருசமே பொஸ்தகத்தத் தேடிப் படிச்சாராம். ‘நீங்க பொய் சொல்லலைங்க. அப்படியேதான் எழுதியிருக்குது’ன்னாரு. அதச் சொல்லத்தான் வந்தேன்னாரு.”

“அப்புறம்?”

“ஏதாச்சும் செய்யட்டுமான்னு கேட்டாரு. புள்ளைய டவுன் விடுதில ஒம்பதாவது சேத்தோணும், பொறுப்பா நிக்க ஒரு ஆளு வேணுமுன்னேன். வந்து நின்னாரு. கையெழுத்துப் போட்டாரு. மத்ததெல்லாம் நாந்தான் பாத்துக்கிட்டேன்.”

அக்கா மகள் இப்போது பள்ளிக்கூட டீச்சர். அவளை விடுதியில் சேர்த்தது யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இவ்வளவு கேள்வி கேட்கிற நான் அதை மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

“இத்தன வருசமாத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?”

“நீ தேடிக்கிட்டு இருந்தியே. கெடைக்கட்டுமுன்னு இருந்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது, உடனே போயும் விட்டது. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்க முடியாது.

“சரி, அவரு வந்து சொன்னது பின்னால. மேடையில நின்னப்ப உனக்குத் தெரியாதல்ல? பக்கம்தான் குஞ்சுக்குக் கீழ போயிருச்சே. ராசா குடுக்க மாட்டான்னு எப்படிச் சொன்ன?”

அக்கா உரித்த வெங்காயத்தைச் சட்டியில் போட்டாள். இதென்ன கேள்வி என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

“பின்ன, வேற எப்படிப் புள்ள முடியும்?”